கரையேறியவர்களைக் கேளுங்கள்!

2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1,70,924 பேர் தங்கள் உயிரைத் தாங்களே போக்கிக்கொண்டார்கள். இது நாம் கூட்டிக் கழித்துச் சொல்லும் கணக்கல்ல. மத்திய சர்க்காரின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட கணக்கு. இவர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் தினக்கூலிகள். விவசாயக் கூலித் தொழிலாளர்கள் 6,083 பேர் என்று தனியே எண்ணப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் மாண்டவர்கள் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடியாக நம் மாநிலம்தான் அந்தப் பட்டியலில் இருந்தது.

செத்தவர்களை எண்ணச் சர்க்காரிடம் ஏடு இருக்கிறது. சாவின் வாசல்வரை போய்த் திரும்பி வந்தவர்களை எண்ண முறையான ஏடு இல்லை. ஒருவர் இப்படி இறந்தால் இருபது பேருக்கு மேல் முயன்று பிழைத்திருப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அப்படியானால் திரும்பி வந்தவர்கள் இல்லாத ஊர் எது? தெரு எது? நம்மோடு ஒரே ஷிப்டில் தறி ஓட்டுகிறவர்களில், ஒரே வரப்பில் நின்று கரும்பு வெட்டுகிறவர்களில் அவர்கள் இருக்கிறார்கள். நமக்குத்தான் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறோம்.

தற்கொலையைத் தடுப்பது எப்படி என்று டாக்டர்களைக் கேட்கிறார்கள். அதிகாரிகள் கூடிப் பேசுகிறார்கள். போலீசாரிடமும் ஆசிரியர்களிடமும் யோசனை கேட்கப்படுகிறது. எல்லாம் சரிதான். ஆனால் அந்தச் சுழலுக்குள் விழுந்து, மூச்சுத் திணறி, கரையேறியவரை யாராவது கேட்டதுண்டா? எது உன்னை அங்கே தள்ளியது, எது உன்னைத் திருப்பிக் கொண்டுவந்தது, அன்றைக்கு யார் என்ன சொல்லியிருந்தால் நீ போயிருக்க மாட்டாய் என்று கேட்டதுண்டா? அவரைக் கேட்க வேண்டும், கேட்பதோடு நிற்காமல் இந்த வேலையில் அவருக்கு இடமும் பொறுப்பும் கூலியும் கொடுக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

அடிபட்டவனுக்குத் தெரிந்தது

ஆலைத் தொழிலாளிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இயந்திரத்தில் எந்த இடத்தில் காப்புத் தகடு இல்லை என்பது வரைபடம் போட்ட இஞ்சினீயரைவிட விரலை இழந்த தொழிலாளிக்கு நன்றாகத் தெரியும். 1984-ல் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கான ஜனங்கள் மாண்ட பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான தொழில் நடக்கும் ஆலைகளில் பாதுகாப்புக் கமிட்டி அமைக்க வேண்டும், அதில் நிர்வாகத்துக்குச் சமமான எண்ணிக்கையில் தொழிலாளர் பிரதிநிதிகள் உட்கார வேண்டும் என்று எழுதப்பட்டது. எதற்காக? ஆபத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவனின் வாய்ச்சொல் இல்லாமல் ஆபத்தைத் தடுக்க முடியாது என்பதற்காகத்தான்.

திருத்தணி ஜனங்களுக்கு இன்னொரு நினைவும் உண்டு. இந்த ஊர் சித்தூர் ஜில்லாவில் ஆந்திரத்தோடு இருந்தது. எல்லை வழக்கில் படாஸ்கர் தீர்ப்பு வந்தபோது தாலுகாவை மொத்தமாக அளக்கவில்லை. கிராமத்தை அலகாக வைத்து, அங்கே வாழ்கிறவர்கள் பேசும் மொழி எது என்று பார்த்தார்கள். 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. எல்லைக் கோட்டுக்கே அங்கு வாழ்கிறவர்களைப் பார்த்துத்தான் முடிவு கட்ட வேண்டியிருந்தது. உயிர் விஷயத்தில் மட்டும் பட்டவர்களைக் கேளாமல் மேஜையில் கோடு போட்டால் சரியாகுமா?

கேட்டுப் பார்த்த இடங்களில்

இது வெறும் ஆசை அல்ல. செய்து பார்த்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தி 2008-ல் முடிவை வெளியிட்டது. அந்த ஐந்து இடங்களில் சென்னையும் ஒன்று, கொழும்பும் ஒன்று. தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். இன்னொரு பிரிவுக்கு வைத்தியத்தோடு, வீடு திரும்புமுன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு பதினெட்டு மாத காலத்தில் ஒன்பது தடவை நேரிலோ டெலிபோனிலோ எப்படி இருக்கிறாய் என்று விசாரித்தார்கள். அவ்வளவுதான். பதினெட்டு மாத முடிவில் வழக்கமான வைத்தியம் பெற்றவர்களில் நூற்றுக்கு 2.2 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 0.2 பேர்தான்.

பெரிய கட்டடம் தேவைப்படவில்லை. விலையுயர்ந்த கருவி தேவைப்படவில்லை. மறக்காமல் வந்து விசாரிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் யாராக இருக்கலாம் என்பதுதான் அடுத்த கேள்வி.

இதற்கும் தமிழ்நாட்டிலேயே விடை உண்டு. இலங்கையில் போரினால் வீடும் நிலமும் இழந்து வந்த தமிழ் அகதிகளின் முகாமில் தற்கொலை எண்ணத்தால் வாடியவர்கள் பலர் இருந்தார்கள். சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பினர் அங்கே ஒரு முயற்சி செய்தார்கள். முகாம் மக்களிடையிலிருந்தே தொண்டர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். அந்தத் தொண்டர்கள் துன்பத்திலிருந்தவர்களைத் தவறாமல் போய்ப் பார்த்தார்கள். நெருக்கடி வந்தால் முதலில் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று அவரவரோடு உட்கார்ந்து ஒரு அட்டையில் எழுதி வைத்தார்கள். 2017-ல் வெளியான அந்த ஆய்வின்படி, இந்த ஏற்பாடு நடந்த முகாமில் தற்கொலையும் முயற்சியும் குறைந்தன. அதே கூரையின் கீழ் வாழ்ந்து, அதே துயரத்தைச் சுமந்தவர்கள் பேசியதால் அந்தப் பேச்சு உள்ளே இறங்கியது.

எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களைப் பற்றி ஊர் எவ்வளவு ஏளனம் பேசியது என்பது நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆஸ்பத்திரியிலேயே அவர்களைத் தொடத் தயங்கிய காலம் அது. 1997-ல் தொற்றுள்ளவர்களே சென்னையில் கூடி இந்திய அளவில் தங்களுக்கென ஓர் அமைப்பைக் கண்டார்கள். எங்களைப் பற்றி எங்களை விட்டுவிட்டுப் பேசாதீர்கள் என்றார்கள். பின்னர் அரசாங்கத்தின் கூட்டுமருந்து சிகிச்சை மையங்களில் நோயாளிகளுக்குத் துணை நிற்கும் ஊழியர் வேலைக்குத் தொற்றுள்ளவர்களையே அமர்த்தும் விதி வந்தது. மருந்தை நிறுத்திவிட்டு ஓடியவரைத் தேடிப்போய் அழைத்து வர அவர்களால் முடிந்தது. நானும் இதே மாத்திரையைத்தான் விழுங்குகிறேன், வா என்று அவர்களால் சொல்ல முடிந்தது. அனுபவத்துக்குச் சம்பளம் கொடுக்க சர்க்காருக்கு வழி தெரியும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

வாயடைத்தது யார்?

திருத்தணி மலையின் 365 படிகளில் ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கான ஜனங்கள் காவடி தூக்கி ஏறுகிறார்கள். மஞ்சள் காமாலையில் பிழைத்தவன், லாரி விபத்தில் தப்பியவன், பிரசவத்தில் மறுபிறவி எடுத்தவள் என்று எத்தனையோ பேர் நேர்த்திக்கடன் செலுத்த வருகிறார்கள். எதிலிருந்து பிழைத்தோம் என்று பக்கத்தில் நிற்பவரிடம் வாய்விட்டுச் சொல்கிறார்கள். கேட்பவரும் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்படுகிறார். ஆனால் தன் கையாலேயே தன்னை முடித்துக்கொள்ளப் போய்ப் பிழைத்தவர் மட்டும் எதிலிருந்து பிழைத்தோம் என்று சொல்ல முடிகிறதா? வயிற்று வலி என்கிறார்கள் வீட்டார். தவறுதலாக நடந்துவிட்டது என்கிறார்கள். பெண்ணாக இருந்தால் இன்னும் ஆழமாகப் புதைக்கிறார்கள்.

இந்த மௌனத்துக்குப் பாதிக் காரணம் பழைய சட்டம். வெள்ளையன் 1860-ல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, சாக முயன்று பிழைத்தவனைக் குற்றவாளி என்றது. ஓராண்டு வரை சிறை என்றது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவனிடம் போலீஸ்காரர் வாக்குமூலம் வாங்க வந்தார். வழக்குக்குப் பயந்து உண்மையை மறைத்தார்கள். உண்மையை மறைத்ததால் உடம்புக்கு மட்டும் வைத்தியம் நடந்தது, மனதுக்கு நடக்கவில்லை.

அந்தக் காலம் போய்விட்டது என்பதை ஒவ்வொரு தொழிலாளியும் அறிந்துகொள்ள வேண்டும். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் அமலுக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்று அதன் 115-வது பிரிவு சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது சர்க்காரின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை 1-ல் பழைய தண்டனைச் சட்டமே போய்ப் புதிய சட்டம் வந்தபோது 309-வது பிரிவு அதில் இடம்பெறவில்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்தப்படுத்துவதற்காக முயன்றால் மட்டும் தனிப்பிரிவு ஒன்று வைத்திருக்கிறார்கள். மற்றபடி பிழைத்து வந்தவர் குற்றவாளி அல்ல. சட்டம் அவிழ்த்த வாயை ஊர் இன்னும் பொத்திக்கொண்டிருக்கலாமா?

சில ஆட்சேபங்கள்

தானே தடுமாறியவர் மற்றவருக்கு எப்படித் துணையாவார் என்று சிலர் கேட்பார்கள். குடியிலிருந்து மீண்டவர்களைப் பாருங்கள். 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்கத் தொடங்கியதிலிருந்து பிறந்ததுதான் உலகமெங்கும் கிளை விட்டிருக்கும் குடிநோயாளர் சங்கம். தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. குடியை விட்டவன் குடிக்கிறவனிடம் பேசும்போது அதில் உபதேசம் இருப்பதில்லை. பழகிய பாதையின் அடையாளங்கள் இருக்கின்றன. இதுவும் அப்படித்தான்.

டாக்டர் வேலையை இவர்கள் பார்த்துவிடுவார்களா என்று கேட்பார்கள். இல்லை. மருந்து கொடுப்பது டாக்டர்தான். ஆனால் டாக்டரிடம் போகலாம் வா என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஒருவர் வேண்டும். முதல் மாத்திரையில் தலை சுற்றினால் பயப்படாதே என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

இன்னொரு ஆட்சேபத்தை நாமே எழுப்ப வேண்டும். பிழைத்து வந்தவர்களை மேடையில் ஏற்றி, அழவைத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிடுவது ஈடுபடுத்துவது ஆகாது. அது இன்னொரு சுரண்டல். பேச விரும்பாதவரைப் பேசச் சொல்லக் கூடாது. நேற்று மீண்டவரை இன்றைக்கே வேலையில் பூட்டக் கூடாது. மனம் நிலைகொள்ளக் காலம் தர வேண்டும். பயிற்சி வேண்டும். பாரம் தாங்காதபோது இறக்கி வைக்க மேலே ஓர் அனுபவசாலி வேண்டும். எந்த நிமிஷமும் விலகிக்கொள்ளும் உரிமை வேண்டும். செய்யும் வேலைக்குக் கூலி வேண்டும். ஏழையின் துயரத்தை வாங்கிக்கொண்டு அதற்குத் தொண்டு என்று பெயரிட்டுக் கையை விரிப்பதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

திருத்தணியில் என்ன செய்யலாம்?

இந்த வட்டாரத்தின் வாழ்க்கை நமக்குத் தெரியாததல்ல. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை பக்கம் விசைத்தறி. திருவாலங்காடு பக்கம் கரும்பு. விடியுமுன் ரயிலேறி வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் வேறு. நூல் விலை ஏறினால் தறி நிற்கிறது. தறி நின்றால் கூலி நிற்கிறது. கூலி நின்றாலும் வாரத் தவணை கேட்டு வாசலில் வந்து நிற்பவன் நிற்கத்தான் செய்கிறான். கடன் வசூலில் அடாவடி செய்வதைத் தண்டிக்க 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அந்தச் சட்டம் ஏட்டிலிருந்து தெருவுக்கு வர வேண்டும். நியாயமான கூலிக்கும் கடன் நிவாரணத்துக்கும் நடக்கும் போராட்டம் எதுவும் இந்த வேலைக்குப் புறம்பானதல்ல. ஆனால் அந்த வெற்றி வரும்வரை இன்றிரவு தனியாக உட்கார்ந்திருப்பவரை யார் பார்ப்பது? அதற்காகவே இந்தக் கோரிக்கைகள்.

ஒன்று: திருத்தணி அரசு ஆஸ்பத்திரியில் தற்கொலைக்கு முயன்று சிகிச்சை பெறும் ஒவ்வொருவரோடும், வீடு திரும்புமுன் ஒரு மணி நேரம் அமைதியாக உட்கார்ந்து பேச ஆள் இருக்க வேண்டும். பிறகு பதினெட்டு மாதம் விட்டுவிடாமல் விசாரிக்க வேண்டும். சென்னையில் செய்து பார்த்தது, எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இங்கே செய்ய முடியாததா?

இரண்டு: அந்த வேலைக்கு, மீண்டு வந்தவர்களிலும், வீட்டில் ஒருவரை இப்படிப் பறிகொடுத்தவர்களிலும் விருப்பமுள்ளவர்களைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, சம்பளத்தோடு அமர்த்த வேண்டும். பெண்ணைப் பார்க்கப் பெண் போக வேண்டும். இது எல்லை ஊர். ஒரே வீட்டில் தமிழும் தெலுங்கும் புழங்குகிற ஊர். துக்கம் வந்தால் மனிதன் தாய்மொழியில்தான் அழுகிறான். ஆகவே இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் வேண்டும். திருப்பதி ஆஸ்பத்திரிக்கோ நகரிக்கோ போய்ச் சிகிச்சை பெற்றவர் எல்லையைத் தாண்டியதால் விசாரிப்பார் இல்லாமல் போய்விடக் கூடாது; இரு மாநில ஆஸ்பத்திரிகளும் அவர் சம்மதத்தோடு தகவல் பரிமாறிக்கொள்ள ஏற்பாடு வேண்டும்.

மூன்று: 2022 நவம்பரில் மத்திய சர்க்கார் தேசிய தற்கொலைத் தடுப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 2030-க்குள் தற்கொலைச் சாவுகளை நூற்றுக்குப் பத்து குறைப்பது அதன் குறிக்கோள். அதற்காக ஜில்லாவில் கூடும் எந்தக் கமிட்டியிலும் பட்டறிந்தவர்களுக்கு இடம் வேண்டும். ஒரே ஒருவரை ஒப்புக்கு உட்காரவைத்தால் அவர் வாய் திறக்க மாட்டார், இருவராவது வேண்டும். கூட்டத்துக்கு வரும் நாளின் கூலியும் பஸ் செலவும் கொடுக்க வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டமே மாநில மனநல ஆணையத்தில் மனநோய் கண்டவர்களின் பிரதிநிதிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. மாநிலத்தில் சரியென்றால் ஜில்லாவில் ஏன் கூடாது?

நான்கு: பூச்சிமருந்து விஷயம். இலங்கையில் 1995-ல் லட்சத்துக்கு 47 பேர் அளவில் தற்கொலைச் சாவு இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். பத்தாண்டில் அந்தச் சாவு ஏறக்குறைய பாதியானது. பலருக்கு அந்த எண்ணம் ஒரு புயல்போல் வந்து சில மணி நேரத்தில் தணிகிறது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இல்லாவிட்டால் உயிர் தங்குகிறது. கடலூர் ஜில்லா காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், மருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் தனித்தனிப் பெட்டியில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் சிநேகா அமைப்பினர் செய்து பார்த்தார்கள். விவசாயிகள் அதை ஏற்றார்கள். நம் பஞ்சாயத்துகளும் செய்யலாம். பூட்டை எங்கே வைப்பது, சாவி யாரிடம் இருப்பது என்று முடிவு செய்யும்போது பிழைத்து வந்தவரின் யோசனையைக் கேளுங்கள்.

ஐந்து: இது சர்க்காருக்கல்ல, நமக்கு. ஒவ்வொரு தறிச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் இரண்டு தோழர்களை இதற்கென்று பொறுக்கி எடுக்கட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவருக்கு அவருடைய தறி காத்திருக்கிறதா என்று பார்க்கட்டும். அவரை வேலையிலிருந்து நிறுத்தினால் சங்கம் போய்க் கேட்கட்டும். தாசில்தாரிடம் மகஜர் கொடுக்கும்போது இந்தக் கோரிக்கைகளும் அதில் இருக்கட்டும். ஏளனமாகப் பேசுகிறவனை, அவன் சங்க உறுப்பினனானாலும், அங்கேயே நிறுத்தட்டும்.

தோழரே, இதை வாசிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் இருக்குமானால், உங்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கோழையல்ல, குற்றவாளியுமல்ல. இன்றைக்கே நம்பிக்கையுள்ள ஒருவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலிமனஸ் சேவை இரவும் பகலும் காசில்லாமல் கிடைக்கிறது. தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 உண்டு. சிநேகாவின் எண் 044-24640050. பக்கத்தில் இருப்பவர் இப்படிப் பேசினால், புத்தி சொல்லாதீர்கள், திட்டாதீர்கள். சாக நினைக்கிறாயா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மூட்டையை இறக்கி வைக்க இடம் கிடைக்கும். ஆபத்து நெருங்கியிருந்தால் கூடவே இருந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

மீண்டு வந்த தோழர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் அறிந்ததை எந்தக் கல்லூரியும் கற்றுத்தருவதில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் சொல்ல விரும்பும் நாளில் உட்கார நாற்காலியும், கேட்க ஆட்களும், செய்ய வேலையும், அதற்குக் கூலியும் இருக்க வேண்டும். அதைப் பெற்றுத்தருவது சங்கங்களின் கடமை. சர்க்கார் இதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் காப்பாற்றக்கூடிய உயிர்கள் போகின்றன. இந்த மாதச் சங்கக் கூட்டத்திலேயே இதை முதல் தீர்மானமாக எடுங்கள்!